வெங்கச்சங்கல்லும் குளுக்கோஸ் டியூபும்

கல் பாலிஷ் மெஷினை இரண்டு மாதமாக ஆன்லைனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். விலை இறங்குகிற வழியாக இல்லை. சரி, கையிலிருக்கும், இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் பிடித்துப் பார்ப்போம் என்று ஒரு வெங்கச்சங்கல்லை (குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா) வைத்தேன். பத்து நிமிடத்தில் தார்சா முழுக்க வெள்ளைத் தூசி. மயிலாடியில் சிலை வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அந்த நேரம் பார்த்து வந்தார். "தண்ணி இல்லாம கல்லத் தொடாதல மக்கா, நெஞ்சுல போய் உக்காந்துரும்" என்றார். சிலிக்கா தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று படித்தவன்தான் நான். கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும் என்பதும் தெரியும்.

வழியும் அவரே சொன்னார்: கிச்சன் மேடை கிரானைட்டுக்கு பாலிஷ் போடும், வைரத்தூள் பதித்த நாலு இஞ்சு டைமண்ட் பேடு. வெங்கச்சங்கல்லின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோ அளவில் 7, வைரம் 10. அதனால் தாராளமாகத் தேய்க்கும். நாகர்கோவிலில் 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று ஏழும் வாங்கினேன்; எண் கூடக் கூட பேடு நைசாகும். பழைய கால் ஹெச்.பி. மோட்டார், பேடை ஒட்ட லேத் பட்டறையில் கடைந்த அலுமினியத் தட்டு, ஒரு பிளாஸ்டிக் பேசின். மோட்டாரை பேசினுக்கு வெளியே தள்ளி வைத்து பெல்ட் போட்டேன். நிமிடத்துக்கு 1440 சுற்றில் தண்ணீர் முகத்தில் தெறித்தது. புல்லியை மாற்றிப் பாதியாகக் குறைத்தேன். சொட்டுத் தண்ணீருக்கு மெடிக்கல் ஷாப் குளுக்கோஸ் டியூப். உருளையைத் திருகினால் சொட்டு கூடும், குறையும். இதைவிட நல்ல குழாய் கிடைக்காது. கரண்ட் கசிந்தால் உடனே கட் செய்யும் ஈ.எல்.சி.பி. இல்லாத பிளக்கில் மட்டும் இந்த மெஷினைச் சொருகவே கூடாது.

முதல் கல்லில் 800 வரை எல்லாம் சரி. ஈரத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்தால் குறுக்கே மூன்று கீறல்! 50-லிருந்து நேரே 200-க்குத் தாவிய சோம்பேறித்தனம்தான். திரும்ப 100-லிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பேடு மாற்றும்போதும் கல், கை, பேசின் மூன்றையும் கழுவினேன். ஒரு பருக்கை மிஞ்சினாலும் மறுபடி கீறும்.

இரண்டாவது, அஸ்திவாரத்துக்கு இறக்கிய கல்லில் ஒன்று. மணவாளக்குறிச்சி மணலைச் சிவப்பாக்கும் அதே கார்னெட், இதில் மிளகு அளவில் பொட்டுப் பொட்டாக இருந்தது. கார்னெட் நன்றாகவே மின்னியது. சுற்றியிருந்த கருப்பு மைக்கா மென்மையானது, அதனால் குழி விழுந்துவிட்டது. நகத்தால் தடவினால் கார்னெட் மேடும் மைக்கா பள்ளமும் தட்டுப்படுகின்றன. பேடு வளைந்துகொடுப்பதால் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தேய்க்கிறது. இந்த மாதிரிக் கலவைக் கல்லுக்கு, வளையாத இரும்புத் தட்டில் வைரம் பதித்த டிஸ்க் வேண்டும். அடுத்த மாதச் சம்பளத்தில் அதுதான். அதுவரை அந்தக் கல், அம்மாவின் ஊறுகாய் பரணி மூடிமேல் பாரமாக இருக்கிறது.