90 நாள் கணக்கு

மே 4
கடைசியாக விமானம் ஓட்டி 45 நாள். இன்றும் ஸ்டேண்ட்பை, கூப்பிட்டால் போகத் தயார். போன் அடிக்கவில்லை.

மே 9
சந்தூர் மாந்தோப்பில் செந்தூரா பறிக்கிறார்கள். சும்மா இருக்க முடியாமல் வலைக்கழியை எடுத்தேன். "வேணாம் தம்பி, எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க" என்று குத்தகைக்காரர் வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார். மரம் தாத்தா நட்டது. பூ விட்டபோதே அப்பா பணம் வாங்கியாயிற்று. ஊறுகாய்க்கு நாலு காய் அம்மா கேட்டுத்தான் வாங்கி வந்தார்.

மே 17
58. எங்கள் கம்பெனியின் ஹஜ் சார்ட்டர் கிளம்பிவிட்டது. குரூப்பில் போட்டோ. வாலில் வேறு யாருடைய நிறமோ, வெளிநாட்டுப் பதிவெண். டிக்கெட்டில் மட்டும் எங்கள் பெயர், எங்கள் ஃப்ளைட் நம்பர். இதற்குப் பெயர் வெட் லீஸ். விமானம், பைலட், பராமரிப்பு, இன்சூரன்ஸ் நாலும் வாடகைக்குக் கொடுத்த கம்பெனியுடையது. எண்ணெய்க் காசும் ஏர்போர்ட் கட்டணமும் எங்கள் கம்பெனி கட்டும். பறக்கிற மணிக்கு இவ்வளவு என்று வாடகை.

எங்கள் விமானங்கள் எஞ்சின் இல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன, எஞ்சின் வரும்வரைக்கும் இந்த ஏற்பாடு என்று கம்பெனி மெயில். சரி, எஞ்சினுக்கு யார் என்ன செய்ய முடியும்? ஆனால் அவ்வளவு நீள மெயிலில் எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பறக்காத மாதம் கைக்கு வருவது என்னவென்று அவர்களுக்குத் தெரியாதா? 7ஆம் தேதியானால் டைப் ரேட்டிங், அதாவது இந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதிப் பயிற்சிக்கு வாங்கிய கடனுக்குத் தவணை.

கேப்டன் சார் போனில், "வேற எடம் பாருப்பா" என்றார். பார்க்கலாம்தான். கோ-பைலட் நான் விலக ஆறு மாத நோட்டீஸ், கேப்டன் அவர் விலக ஒரு வருடம். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி.

மே 18
அப்பா ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் தேவலாம்.

மே 28
ஓசூர் சித்தப்பா வந்தார். "ஏர்போர்ட் வருது கண்ணு. 2,000 ஏக்கர், வருசத்துக்கு மூணு கோடி பேரு. 2024லயே சட்டசபையில சொல்லியாச்சு. நீ வூட்ல இருந்தே வேலைக்குப் போலாம்." பெங்களூர் ஏர்போர்ட் ஒப்பந்தத்தில் 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புது ஏர்போர்ட் கூடாது என்று ஒரு ஷரத்து இருக்கிறதே என்றேன். "அதெல்லாம் பேசிக்குவாங்க." சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து பிளாட் வரைபடத்தை எடுத்தார்.

ஜூன் 2
74. காக்பிட் போஸ்டரைச் சுவரில் ஒட்டி, எதிரே பிளாஸ்டிக் நாற்காலி. வலது கையில் விமானத்தைத் திருப்புகிற சைடுஸ்டிக், அதாவது கரண்டி. இடது கையில் எஞ்சின் வேகத்துக்கான த்ரஸ்ட் லீவர் என்று வைத்துக்கொண்டது அம்மாவின் மருந்து டப்பா. தரை இறங்கும்போது விமானமே அடிக்கணக்கில் உயரம் சொல்லும். ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது, ‘ரிடார்ட், ரிடார்ட்’. அந்தக் குரல் வந்ததும் லீவரை இழுக்க வேண்டும். இழுத்தேன். டப்பா திறந்து மாத்திரை எல்லாம் கட்டிலுக்கு அடியில்.

"யாரோட பேசிட்டிருக்கே?" என்றார் அம்மா.

ஜூன் 3
தூக்கம் இல்லை.

ஜூன் 11
83. சிமுலேட்டர் ஸ்லாட் கேட்டு மூன்றாவது மெயில். 90 நாளுக்குள் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங். இல்லாவிட்டால் பயணிகளை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. நிஜ விமானம்தான் கிடையாது, சிமுலேட்டரையாவது கொடுங்கள் என்றால் அதற்கும் வரிசை.

ஜூன் 14
86. பெங்களூரா மாம்பழம் பழுத்து உதிர்கிறது. மாங்கூழ் ஃபேக்டரி கொடுக்கிற விலை பறிகூலிக்கே பத்தாதென்று குத்தகைக்காரர் ஆளை அனுப்பவில்லை. காலடியில் ஒரு பழம், ஒரு பக்கம் அழுகல், மறுபக்கம் நல்ல மஞ்சள். காம்பிலிருந்து வழிந்த பால் கறுப்பாகக் காய்ந்திருந்தது. குனிந்தேன்.

"எடுக்காதே. குத்தகை இன்னும் முடியல" என்றார் அப்பா.

பேசினாரே, அதுவரை சந்தோஷம்.

ஜூன் 16
88. ஸ்லாட் வந்துவிட்டது. 24ஆம் தேதி, ராத்திரி 2 மணிக்கு.

ஜூன் 17
89. சொல்லாமலே அம்மா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டிருக்கிறார். தோப்பு நாற்றம் வீடு வரைக்கும் வருகிறது.