மின்னிசைக் கலையகத்துக்குள் சென்ற வழி

யாழ்ப்பாணத்து இணுவிலுக்குத் திரும்பி வந்த நாள் முதல், இசையும் பௌதிகவியலும் படிக்கும் மாணவர்கள் சிலர் என்னிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். இசைத்துறையைச் சேராத ஒருவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் மின்னிசை மையத்தில் படிப்பதற்கும் அங்குள்ள கருவிகளைக் கையாள்வதற்கும் எவ்வாறு அனுமதி பெற்றார் என்பதே அவர்கள் அறிய விரும்புவது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைப்பது நல்லதெனத் தோன்றியது.

புலமைப்பரிசில் பெற்று மின்பொறியியலில் முதுமாணிப் பட்டத்துக்காகச் சென்ற நான், அந்த மையத்தை நாடியதற்குக் காரணம் என் சித்தப்பாவின் நாதஸ்வரம். தோடி இராகத்தின் காந்தாரச் சுரத்தை அவர் ஒருபோதும் ஓரிடத்தில் நிறுத்தி வாசிப்பதில்லை. அது அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் காந்தாரம். கீபோர்டில் அதே சுரத்தைத் தொட்டால் அசையாத ஒரு கட்டைதான் ஒலிக்கிறது. மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்வதற்காக 1983இல் வந்த மிடி முறையும் சுரங்களை எண்ணிடப்பட்ட கட்டைகளாகவே கருதுகிறது. சுரத்தை வளைப்பதற்கென ஒரு சில்லு இருந்தாலும், பெரும்பாலான கருவிகளில் அது வழக்கமாக இரண்டு அரைச்சுரங்களுக்கு மேல் நகராது. ஆனால் 1960களில் உருவான, தனித்தனிப் பகுதிகளை வயர்களால் இணைத்து மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் மொடியூலர் சின்தசைசர்களில் சுருதி என்பது மின்னழுத்தம். பெரும்பாலானவற்றில் ஒரு வோல்ற் கூடினால் ஒரு ஸ்தாயி உயரும், அரைச்சுரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 83 மில்லிவோல்ற், இடையில் எந்த அளவிலும் நின்றுகொள்ளலாம். கமகத்துக்கு, அதாவது சுரத்தின் அந்த அசைவுக்கு, இடங்கொடுக்கக்கூடிய அந்தக் கருவி, எங்கள் பல்கலைக்கழகத்தின் மின்னிசை மையத்தில் ஒரு சுவரை நிறைத்தபடி இருந்தது.

அங்கே கருவியை நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது. முதலில் அறிமுகக் கற்கைநெறியில் பதிவுசெய்ய வேண்டும், பின்னர் கலையகப் பயிற்சியை முடிக்க வேண்டும், அதன் பிறகே நுழைவட்டையும் நேர ஒதுக்கீடும். கற்கைநெறியில் இசைத்துறை மாணவர்களுக்கே முன்னுரிமை. மற்றவர்களுக்கு விரிவுரையாளரின் எழுத்துமூல அனுமதி தேவை. முதல் தவணையில் நான் கீபோர்டில் அமைத்த மூன்று மெல்லிசைத் துண்டுகளை அனுப்பினேன். இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அப்போது மனம் நொந்தாலும், அந்தத் துண்டுகளை இன்று கேட்கும்போது அந்தப் பதில் நியாயமானதே என்று எண்ணுகிறேன். அந்த அறை இல்லாமலே செய்யக்கூடியவற்றைக் காட்டித்தான் அந்த அறையை நான் கேட்டிருந்தேன்.

விடுமுறையில் மின்னிசையின் வரலாற்றைப் படித்தேன். எகிப்தியரான ஹலீம் எல்-தாப் 1944இல் கெய்ரோவில் ஒரு சடங்கின் குரல்களைக் கம்பி ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து, அந்தப் பதிவையே மாற்றி இசையாக்கியவர். பின்னாளில் நியூயோர்க்கின் கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னிசை மையத்தில் பணியாற்றியவர். நமக்கு அருகே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் துணையுடன் மூக் என்ற மொடியூலர் சின்தசைசர் கொண்ட கலையகமொன்று அமைந்திருந்தது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். ஊரின் ஒலியோடு அந்த அறைக்குள் போகலாம் என்ற துணிவு எனக்கு அங்கிருந்து வந்தது.

சித்தப்பாவின் வாசிப்பைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பும்படி தங்கையிடம் கேட்டேன். தோடியைக் காலையில்தான் வாசிப்பேன் என்று அவர் சொல்லிவிட்டார். நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியும் அவருக்குத் திருப்தியாக அமைய வேண்டியிருந்தது. வீதியில் மோட்டார் சைக்கிள்கள் ஓடத் தொடங்குமுன் பதிவதற்காகத் தங்கை மூன்று நாட்கள் விடியுமுன்னே எழுந்தாள். நாற்பது வினாடிப் பதிவு ஒன்று கிடைத்தது, பின்னணியில் சேவலின் குரலுடன். பிராட் என்ற இலவச மென்பொருளில் அதன் சுருதிக் கோட்டை வரைந்து, கீபோர்டின் நேர்கோட்டை அதன் கீழே வைத்து, இவ்விரண்டுக்கும் இடையிலுள்ளதை மின்னழுத்தத்தால் நிரப்ப முயல விரும்புகிறேன் என்று ஒரே பக்கத்தில் எழுதினேன். இரண்டாம் நாளே அனுமதி வந்தது. எத்தனை கருவி வாசிப்பேன், எத்தனை ஆண்டு பயின்றேன் என்பவற்றை விரிவுரையாளர் கேட்கவில்லை. அந்தக் கோடு ஏன் கீழிறங்கும்போது வேறு வேகத்தில் செல்கிறது என்பதை மட்டும் கேட்டார்.

அதன் பின்னரும் கதவு திறக்கவில்லை, உண்மையாகவே. என் நுழைவட்டை பொறியியல் பீடத்துக்கானதாக இருந்தமையால் கலையகக் கதவில் அது வேலை செய்யவில்லை. என் துறை இசைத்துறையைக் காட்டியது, இசைத்துறை பாதுகாப்பு அலுவலகத்தைக் காட்டியது, அந்த அலுவலகம் மீண்டும் என் துறையிடமே அனுப்பியது. பதினான்கு வாரத் தவணையில் மூன்று வாரங்கள் இவ்வாறு போயின; அந்த இழப்பை இன்றும் என்னால் இலகுவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மாணவர் எண், கற்கைநெறி எண், அறை எண், அனுமதி முடியும் நாள் ஆகிய நான்கையும் ஒரே கடிதத்தில் எழுதி, விரிவுரையாளரின் கையொப்பத்துடன் நேரில் கொண்டுபோய்க் கொடுத்த அன்றே அட்டை இயங்கியது. இனிச் செல்பவர்கள் அந்தக் கடிதத்தை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கலையகப் பயிற்சி ஒரு பிற்பகலில் முடிந்தது. ஒலிபெருக்கிகளை எப்போதும் இறுதியாகப் போட்டு முதலாவதாக நிறுத்துவதையும், 48 வோல்ற் மின்சாரத்தைத் தவறான ஒலிவாங்கிக்குக் கொடுத்துவிடாதிருப்பதையும் செய்துகாட்டினால் போதும். நேரந்தான் கடினமானது. எனக்கு வாரத்தில் நான்கு மணித்தியாலங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் முதல் அரை மணித்தியாலம், கருவி சூடாகிச் சுருதி நிலைப்பதற்கே போய்விடும். பகலில் இடம் கிடைக்காதபோது இரவு பத்து மணிக்குப் பின்னர் யாரும் கேட்காத நேரங்களை எடுத்துக்கொண்டேன். மொடியூலரில் எதையும் சேமித்துவைக்க முடியாது. அடுத்து வருபவருக்காக வயர்கள் அனைத்தையும் கழற்றிவிட்டே வெளியேற வேண்டும் என்பதால், ஒவ்வோர் இரவும் இணைப்புகளைக் கொப்பியில் வரைந்துகொண்டேன்.

முதலில், மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றி இறக்கும், மெதுவாக அலையும் ஒரு அலையியற்றியால் சுருதியை ஆட்டிப் பார்த்தேன். அது நடுக்கமாகவே கேட்டது. சீரான ஆட்டம் கமகமாகாது என்பது சித்தப்பாவுக்குச் சொல்லாமலே தெரியும். எனக்கு அதை உணர இரண்டு வாரங்கள் ஆயின. ஏறுவதற்கு ஒன்றும் இறங்குவதற்கு ஒன்றுமாக இரு தனி மின்னழுத்த வளைவுகளை அமைத்து, சுருதியைக் கட்டைகளுக்கு இழுத்துப் பொருத்தும் பகுதியை முற்றாக விலக்கிய இரவில், தோடியைச் சேர்ந்தது என்று சொல்லத்தக்க ஓர் ஒலி அந்த அறையில் முதன்முதலாகக் கேட்டது. நான் அதைப் பலமுறை திரும்பக் கேட்டேன்.

தவணை முடிந்த நாளில் அட்டையும் செயலிழந்தது; பழைய மாணவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. கொப்பியில் இருந்த அந்த வளைவுகளை, மில்லர் பக்கெற் உருவாக்கிய பியூர் டேற்றா என்ற இலவச மென்பொருளில் எண்களாக மாற்றி, இப்போது இணுவிலில் ஒரு பழைய மடிக்கணினியில் ஓட்டுகிறேன். சென்ற கிழமை சித்தப்பா வந்து திண்ணையில் அமர்ந்து அதை இருமுறை கேட்டார். "இறக்கம் சரி, தம்பி. ஏற்றத்தில இன்னும் கொஞ்சம் மூச்சு வேணும்" என்றார். ஏற்றத்தின் எண்களை நேற்று முதல் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.