துத்தநாக மாத்திரைக்குச் சான்று வாங்கிய அனுபவம்

குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலுடன் 10 முதல் 14 நாள் துத்தநாகமும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் கூட்டாக அறிவித்தன. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். அந்த மாத்திரைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று, அதாவது ஐ.நா. அமைப்புகள் வாங்கத் தகுந்த தரம் என்ற சான்று, வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் ஒரு சிறிய தொழிற்சாலையில் தர உறுதிப் பிரிவில் இருந்தேன்.

எளிய மருந்துதானே என்று தொடங்கினோம். ஒருவகையில் உண்மைதான். மூல மருந்தைப் போலவே உடலில் சேர்கிறதா என்று மனிதர்களிடம் பார்க்கும் உயிர்ச்சமானச் சோதனை இதற்குத் தேவையில்லை; பெரிய செலவு மிச்சம். எங்களை மறித்தது காற்றின் ஈரம்.

இந்த மாத்திரை சிறிது நீரில் மூன்று நிமிடத்துக்குள் கரைந்து பரவ வேண்டும். அதற்காகச் சேர்க்கும் பொருள் நீரை வேகமாக உறிஞ்சும். அதே குணத்தால், மாத்திரைகளை அடைக்கும் அட்டைக்குள் நுழையும் ஈரத்தையும் அது விடாது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கான மருந்தை 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் நீண்டகாலம் வைத்துப் பார்க்க வேண்டும். துரிதச் சோதனைக்கு 40 டிகிரியில் ஆறு மாதம். மூன்றாம் மாதம் எடுத்த மாத்திரை விரல் பட்டதும் உதிர்ந்தது. மருந்தின் அளவு சரியாகவே இருந்தது. குறை, நாங்கள் தேர்ந்தெடுத்த சாதாரண பி.வி.சி. அட்டையில்.

இரு பக்கமும் அலுமினியம் என்றால் விலை ஏறும். விலை ஏறினால் டெண்டர் போய்விடும் என்றது நிர்வாகம். பிரித்த அட்டை பத்து நாள் ஒரு வீட்டில், நனைந்த சுவர் ஓரமாகக் கிடக்கப்போகிறது என்று நான் வாதாடினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். புதிய பேட்ச்கள், மீண்டும் முதல் நாளிலிருந்து எண்ணிக்கை. அந்த மாதங்கள் வீண் என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை.

பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வந்தார்கள். இயந்திரங்களைப் பார்த்ததைவிடப் பதிவேடுகளைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். கரைதல் சோதனையின் பக்கத்தில் ஒருவர் விரலை வைத்தார்: ஆறு மாத்திரைக்கும் ஒரே நேரம், ஒரே பேனா, ஒரே சீரான கையெழுத்து. சோதனை செய்தவர் பொய் எழுதவில்லை. துண்டுத்தாளில் தோராயமாகக் குறித்துக்கொண்டு பிறகு படியெடுத்திருந்தார். ஆனால் அதை நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இரவு யோசித்தபோது, அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை நம்பித்தானே நானும் பேட்சை வெளியே அனுப்பியிருப்பேன் என்று உறைத்தது.

‘ஊழியருக்குப் பயிற்சி அளித்தோம்’ என்ற எங்கள் முதல் பதிலை ஏற்கவில்லை. மூலகாரணம் எது என்று கேட்டார்கள். தேடியபோது கிடைத்தது இவ்வளவுதான்: கருவி ஓர் அறையில், பதிவேடு வேறோர் அறையில். கருவிக்கு அருகே மேசை போட்டோம். பக்க எண்ணிட்ட பதிவேட்டை அங்கேயே வைத்தோம். இன்னொருவர் உடனிருந்து கையொப்பமிடும்படி செய்தோம். அந்தப் பதிலை ஏற்றார்கள்.

சான்று வந்தபின் மற்ற வேலைகள் எளிதாகவே நடந்தன. கூட்டுப் பதிவு முறையில் சேர்ந்த நாடுகள், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கையைப் பெற்று, மருந்தைத் தங்கள் நாட்டில் அனுமதிப்பது பற்றி 90 நாளில் முடிவெடுக்க முயல்கின்றன. 30 டிகிரிப் பெட்டியில் இன்னும் அந்த அலுமினிய அட்டைகள் இருக்கின்றன. 36ஆம் மாத மாதிரியை அடுத்த வாரம் எடுக்கிறோம்.