முப்பது ரூபாய் இடைவெளியில் வாங்கிய கார்

2012 ஆம் ஆண்டு வைகாசியில் முன்பணம் கட்டி, ஆடி கழிந்து ஆவணி பிறந்த பிறகு எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தது. அந்த மே மாதத்தில்தான் பெட்ரோல் விலை ஒரே நாளில் ஏழு ரூபாய்க்கு மேல் ஏறி, தமிழ்நாட்டில் லிட்டர் 77 ரூபாயைத் தாண்டியிருந்தது. டீசல் அப்போது 44 ரூபாய் அளவில் இருந்தது. பெட்ரோல் வண்டி என்றால் தள்ளுபடியோடு அந்த வாரமே கிடைக்கும், டீசல் வண்டி என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் தயங்கிக்கொண்டிருந்தபோது மேலூர்ச் சித்தப்பா, "பெட்ரோல் வண்டியை வாங்கி வாசல்ல நிறுத்தி அழகு பார்க்கப் போறியாப்பா?" என்று கேட்டார். ஒரு லட்ச ரூபாய் கூடுதலாகக் கொடுத்து டீசல் காரையே எடுத்தோம்.

அந்த இடைவெளி சந்தையில் தானாக விளைந்தது அன்று. 2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, லாரி, பேருந்து, வயல்காட்டு மோட்டார் ஆகியவற்றை நினைத்து டீசலை மட்டும் மானியத்தில் வைத்திருந்தது. விவசாயிக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் என்று ஒதுக்கிய அந்தச் சலுகையை, மதுரையின் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் குடியிருந்த எங்களைப் போன்றவர்கள் கார் வாங்கி எடுத்துக்கொண்டோம் என்பதை இன்று யோசித்தால் மனம் உறுத்துகிறது. அந்த நிதியாண்டில் நாடு முழுவதும் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல் வண்டிகள். மதுரையில் அதைப் புள்ளிவிவரம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காலையில் தெருவில் கார்களைக் கிளப்பும் சத்தத்திலேயே தெரிந்தது.

வாங்கிய நாள் முதல் எண்ணெய் போட்ட கணக்கை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எங்கள் ஓட்டம் ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்தான்: பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வாரச் சந்தை, உசிலம்பட்டிக்கு அப்பால் இருக்கும் குலதெய்வம் கோயில், ஆண்டுக்கு ஒருமுறை கொடைக்கானல் அல்லது ராமேஸ்வரம். ஊருக்குள்ளும் வெளியிலுமாகப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டரும் டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் ஓடும் என்று வைத்துக்கொண்டால், 2012 விலையில் ஒரு கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 4.80 ரூபாயும் டீசலில் 2.20 ரூபாயும் ஆகும். மிச்சம் 2.60 ரூபாய். அந்த மிச்சத்தில் ஒரு லட்ச ரூபாயை மீட்க ஏறத்தாழ 38,000 கிலோமீட்டர், அதாவது ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓட வேண்டும். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆனால் விலை அந்த நாளோடு நின்றுவிடவில்லை. 2013 ஜனவரியிலிருந்து டீசல் மாதந்தோறும் அரை ரூபாய் அளவில் ஏறத் தொடங்கியது. 2014 அக்டோபரில் அதன் விலைக் கட்டுப்பாடும் நீங்கியது. அதற்குப் பின் இடைவெளி பத்து ரூபாயை ஒட்டியே இருந்ததால், ஐந்து ஆண்டில் மீளும் என்று நினைத்த அந்த ஒரு லட்சம், மீட்டர் 60,000 கிலோமீட்டரைத் தொட்ட 2020 வாக்கில்தான் மீண்டது. டீசல் வண்டிக்குச் சர்வீஸில் கூடுதலாகக் கொடுத்ததை இதில் நான் சேர்க்கவில்லை. கார் வாங்குகிறவர் அன்றைய விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார், வண்டியோ பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஓடுகிறது; இந்தப் பொருத்தமின்மையை அன்று ஷோரூமில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது சிறிய டீசல் கார்களின் காலம் ஏறக்குறைய முடிந்தது. புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளால் டீசல் எஞ்சினின் விலை ஏறியது. மாருதி நிறுவனம் டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இன்று விற்கும் கார்களில் டீசல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைந்த பிறகு இங்கே பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 93 ரூபாயை ஒட்டியும் நின்றன. அந்த விலையில், ஒன்றேகால் லட்சம் கூடுதலாகக் கொடுத்து டீசல் வண்டி வாங்கினால், அதை மீட்க 75,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். எங்கள் ஓட்டத்துக்கு அது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல். போதாக்குறைக்கு, புதிய டீசல் கார்களில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. காளவாசலிலிருந்து சிம்மக்கல் வரை மட்டுமே போய்வந்த என் நண்பரின் காரில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நான்குவழிச் சாலையில் கொட்டாம்பட்டி வரை ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வரும்படி மெக்கானிக் அனுப்பினார். டிராவல்ஸ் நடத்துகிறவர்களின் நிலை வேறு. ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று மாதம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதே தொகை ஒன்றரை ஆண்டில் மீண்டுவிடும். டீசல் இன்னும் அவர்களுக்குரிய எண்ணெய்தான். அவர்களிலும் சிலர் இப்போது சி.என்.ஜி. என்னும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறி, பயணிகளின் பெட்டி வைக்க வேண்டிய இடத்தில் சிலிண்டரைச் சுமந்து போகிறார்கள்.

பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டினால் மக்கள் சின்னக் கார்களுக்குத் திரும்புவார்கள் என்று 2021இல் நான் உறுதியாக நம்பினேன். நடந்தது நேர்மாறு. எங்கள் தெருவில் அதற்குப் பின் வந்த ஆறு கார்களில் ஐந்து, தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் எஸ்.யூ.வி. வகை. காரணத்தை நோட்டில்தான் தேடிக் கண்டேன். பத்து லட்சம் கடனை ஒன்பது சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 16,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவரின் பெட்ரோல் செலவு மாதம் 4,200 ரூபாய். 16 கிலோமீட்டர் ஓடும் காருக்குப் பதில் 13 கிலோமீட்டர் ஓடும் காரை எடுத்தால் கூடுவது மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. தவணைக்குத் துணிந்தவரை அந்த ஆயிரம் தடுக்காது. பெட்ரோலா டீசலா என்று எடுப்பவரை இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் திருப்பும். விலையின் உயரம் அந்த அளவுக்குத் திருப்புவதில்லை.

அந்த உயரத்தின் வலி இரு சக்கர வண்டியில் தெரிகிறது. ஒத்தக்கடையிலிருந்து நகருக்குள் கட்டட வேலைக்கு வருகிறவருக்கும், திருமங்கலத்திலிருந்து ஜவுளிக்கடைக்கு வரும் பெண்ணுக்கும் தவணையைவிடப் பெட்ரோலே பெரிய செலவு. பேட்டரி ஸ்கூட்டர்களை எங்கள் பகுதியில் முதலில் துணிந்து வாங்கியவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தாம். என் தங்கை அவனியாபுரத்திலிருந்து நாள்தோறும் முப்பது கிலோமீட்டர் போய்வருகிறாள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடிய பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய் ஆனது. இப்போது நூறு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் அளவில் பிடிக்கிறது, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்குக் கால் ரூபாய்தான். மாதம் 1,500 ரூபாய் மிச்சமாகிறது. அந்தப் பணத்தை மகளின் டியூஷனுக்குக் கட்டுகிறாள்.

போன மாதம் சித்தப்பா மகன் கார் வாங்குவதாகச் சொல்லி, எந்த எண்ணெய் வண்டி எடுக்கலாம் என்று போனில் கேட்டான். எதிலும் முன்பணம் கட்ட வேண்டாம் என்றேன். அவனிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய வண்டியின் மீட்டரை மட்டும் இன்றைக்குக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.