இந்தோனேசியாவில் வென்றது சிறிய கடைதான். ஆனால் யாருடைய சிறிய கடை?

இந்தோனேசியாவின் சில்லறை வணிகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜகார்த்தாவின் மால்களிலிருந்து தொடங்குகிறார்கள். அந்நாட்டின் ஏறத்தாழ 28 கோடி மக்கள் அன்றாடம் அரிசியும் எண்ணெயும் சோப்பும் வாங்குவது அங்கே அன்று. கடந்த கால் நூற்றாண்டில் அங்கு நடந்த போட்டியில் பெரிய கடைகள் தோற்றன, சிறிய கடைகள் வென்றன என்பது என் கணிப்பு. ஆனால் வென்ற சிறிய கடைகள் இரண்டு வகைப்பட்டவை. அவற்றுக்கிடையே நடக்கும் போட்டி இன்னும் முடியவில்லை.

1998ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் பன்னாட்டு நிதியத்திடம் கடன் பெறுவதற்காக இந்தோனேசியா ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுள், சில்லறை வணிகத்தை அந்நிய முதலீட்டுக்குத் திறந்துவிடுவதும் ஒன்று. அதே ஆண்டில் பிரான்சின் பெருங்கடைச் சங்கிலியான கேரிஃபோர் ஜகார்த்தாவுக்கு வந்தது. பத்தே ஆண்டுகளில் அந்நிறுவனம் உள்ளூர்ச் சங்கிலி ஒன்றை விலைக்கு வாங்கி, போட்டி ஆணையத்தின் விசாரணைக்கு உள்ளாகும் அளவுக்கு வளர்ந்தது. ஆயினும் 2010இல் 40 விழுக்காட்டுப் பங்கையும், 2012இல் எஞ்சியதையும் தொழிலதிபர் ஹைருல் தன்ஜுங்கின் குழுமத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. அக்கடைகள் ட்ரான்ஸ்மார்ட் என்று பெயர் மாறின. ஜயன்ட் என்ற மற்றொரு பெருங்கடைச் சங்கிலி 2021 ஜூலையில் எல்லாக் கிளைகளையும் மூடியது. பெருந்தொற்றை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது சரியாகாது. காரை எடுத்துக்கொண்டு போய், ஒரு மாதத்துக்கான பொருள்களை ஒரே நாளில் வாங்கி, வீட்டில் அடுக்கி வைக்கும் குடும்பத்தை எண்ணித்தான் பெருங்கடைகள் கட்டப்படுகின்றன. அங்கோ பெரும்பாலோரிடம் இருப்பது மோட்டார் சைக்கிள், வருமானம் பலருக்கு நாள்தோறும் கையில் வருவது, வீடு சிறியது, சாலையோ நெரிசல் மிக்கது. இந்த நான்கும் சேர்ந்தால், மக்கள் அருகிலிருக்கும் கடைக்குத்தான் போவார்கள்.

இதை முதலில் புரிந்துகொண்டவை மினிமார்க்கெட் எனப்படும் சிறிய பல்பொருள் கடைகளை நடத்தும் இரண்டு உள்ளூர் நிறுவனங்கள். சாலிம் குழுமத்தின் இந்தோமாரெட் 1988இலும், ஆல்ஃபாமார்ட் 1999இலும் தொடங்கப்பட்டன. இன்று இரண்டும் சேர்ந்து 40,000க்கும் மேற்பட்ட கடைகளை வைத்திருக்கின்றன. பல ஊர்களில் அவை ஒரே சாலையில் எதிரெதிராக நிற்பதைக் காணலாம். மின்கட்டணம் செலுத்துவது, ரயில் பயணச்சீட்டு எடுப்பது போன்ற வேலைகளுக்கும் மக்கள் அங்கே செல்கிறார்கள். ஆல்ஃபாமார்ட்டின் நிறுவனர் ஜோக்கோ சுசாந்தோ, ஜகார்த்தாவின் பெத்தோஜோ பகுதிச் சந்தையில் பெற்றோர் நடத்திய சிறு கடையில் இளம் வயதில் வியாபாரம் கற்றவர். சந்தைக் கடைக்காரரின் நெளிவு சுளிவுகளை அறிந்த ஒருவர்தான் அக்கடைகளுக்கு மிகப் பெரிய போட்டியை உருவாக்கினார் என்பது எனக்கு முக்கியமான செய்தியாகப் படுகிறது.

இன்னொரு வகைச் சிறிய கடை, வாரூங். வீட்டின் முன்புறத்தைத் திறந்து வைத்து, பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண் நடத்தும் கடை அது. ஒரு முறை தலைக்குத் தேய்க்கும் அளவு ஷாம்பூ, ஒற்றைச் சிகரெட், குடிநீர்க் கேன், புட்டியில் அடைத்த பெட்ரோல் எல்லாம் அங்கே கிடைக்கும். தெரிந்தவர்களுக்குக் கடனும் கிடைக்கும். புள்ளிவிவரங்களில் சரியாகப் பதிவாகாத இந்தக் கடைகளின் எடையை 2025 பிப்ரவரி மாதத்தின் முதல் நான்கு நாள்கள் நாட்டுக்கே காட்டின. பச்சை நிறத்தால் முலாம்பழம் என்று மக்கள் அழைக்கும் 3 கிலோ மானிய எரிவாயு சிலிண்டரைச் சில்லறைக் கடைகள் விற்கக்கூடாது, பதிவு பெற்ற முகவர்கள் மட்டுமே விற்க வேண்டும் என்று பிப்ரவரி 1 முதல் அரசு நடைமுறைப்படுத்தியது. மானியம் தவறான கைகளுக்குப் போவதைத் தடுப்பதே நோக்கம். உடனே ஊர்கள்தோறும் நீண்ட வரிசைகள் உருவாயின. ஜகார்த்தாவை ஒட்டிய பாமுலாங்கில், சிலிண்டருக்காக வரிசையில் நின்று வீடு திரும்பிய பெண்மணி ஒருவர் இறந்துபோனார். பிப்ரவரி 4 அன்று அதிபர் பிரபோவோவின் உத்தரவின்பேரில் சில்லறைக் கடைகள் மீண்டும் விற்கத் தொடங்கின. கடைசி இருநூறு மீட்டருக்குச் சிலிண்டரைக் கொண்டு சேர்ப்பவர் யார் என்பதை எண்ணிப் பாராமல் ஒரு திட்டம் தீட்டப்பட்டிருந்தது என்பதைத்தான் இது காட்டுகிறது.

அதற்கு முந்தைய ஆண்டில் நடந்ததும் இதைப் போன்றதே. ஜாவாவை ஒட்டிய மதுரா தீவிலிருந்து வந்தவர்கள் நகரங்களில் நடத்தும் கடைகள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருப்பவை. உலகம் அழியும் நாளில்தான் அவை மூடும் என்பது அங்கே வழக்கிலுள்ள பேச்சு. 2024 ஏப்ரலில், பாலியின் குலுங்குங் மாவட்டத்தில் கடை நேரம் பற்றி எழுந்த சர்ச்சையில், அக்கடைகள் உள்ளாட்சியின் நேரக் கட்டுப்பாட்டைப் பின்பற்ற வேண்டும் என்று கூட்டுறவுத் துறை அமைச்சக அதிகாரி ஒருவர் கூறியதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த நேரக் கட்டுப்பாடு மினிமார்க்கெட்டுகளுக்கும் பெருங்கடைகளுக்கும் உரியது என்று அமைச்சகம் பின்னர் விளக்கமளித்தது.

மேற்குச் சுமத்ராவில் நிலைமை வேறு. வணிகத்தில் பெயர்பெற்ற மினாங்கபாவ் மக்களின் அந்த மாநிலத்தில், இந்தோமாரெட்டுக்கும் ஆல்ஃபாமார்ட்டுக்கும் உள்ளாட்சிகள் உரிமம் வழங்கவில்லை. பாடாங் நகரில் உள்ளூர்க்காரர்களின் மினிமார்க்கெட்டுகளே இயங்குகின்றன. 2007ஆம் ஆண்டின் அதிபர் ஒழுங்குமுறை மரபுச் சந்தைகளையும் நவீனக் கடைகளையும் பற்றி நாடு முழுமைக்கும் விதி வகுத்திருந்தாலும், எந்தத் தெருவில் யார் கடை திறக்கலாம் என்பது உள்ளாட்சியின் மனவுறுதியைப் பொறுத்தே அமைகிறது என்பதற்கு இது சான்று.

தடைகளால் மட்டும் வாரூங்குகளைக் காக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அவற்றின் உண்மையான குறை கொள்முதல் விலை. தொழிற்சாலையிலிருந்து நேரடியாக லாரி லாரியாக வாங்கும் சங்கிலிக்கும், மொத்தக் கடையில் ஓரிரு அட்டைப்பெட்டிகள் வாங்கும் பெண்ணுக்கும் கிடைக்கும் விலை ஒன்றாக இருக்காது. மினிமார்க்கெட் தள்ளுபடி அறிவிக்கும் நாளில் அங்கேயே வாங்கித் தன் கடையில் விற்கும் வாரூங்காரர்களும் உண்டு. இந்த இடைவெளியைச் செயலிகளால் நிரப்பப் பல புதுநிறுவனங்கள் முயன்றன. இப்போது அரசே களத்தில் இறங்கியிருக்கிறது. 2025 ஜூலை 21 அன்று மத்திய ஜாவாவின் கிளாத்தெனில், நாட்டுக் கொடியின் நிறங்களைப் பெயராகக் கொண்ட 80,000க்கும் மேற்பட்ட சிவப்பு-வெள்ளைக் கிராமக் கூட்டுறவுச் சங்கங்களை அதிபர் தொடங்கிவைத்தார். அத்தியாவசியப் பொருள், எரிவாயு, மருந்து, கடனுதவி ஆகியவை ஒவ்வொரு சங்கத்திலும் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். சங்கம் கிராமத்தாருக்கு நேரடியாகச் சில்லறை விற்பனை செய்யுமானால், வாரூங்குக்கு அது அரசுப் பணத்தில் நடக்கும் இன்னொரு போட்டியாளராகிவிடும். வாரூங்குகளுக்கு மொத்த விலையில் பொருள் தருமானால், இதுவரை எந்தச் சட்டமும் செய்யாத உதவியை அது செய்யும். வீட்டு முன்புறத்தில் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு பெட்டி நூடுல்ஸைச் சங்கம் என்ன விலைக்குத் தரப்போகிறது என்பதைத்தான் இத்திட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டும்.