நெட்வொர்க்க வாடகைக்கு எடுக்கப் போறீங்களா?

எங்க கம்பெனில ஹெட் ஆஃபீஸ் போக பதினோரு கிளை. போன மாசம் ஃபைனான்ஸ்ல இருந்து கூப்பிட்டு "நெட்வொர்க்கையும் மாச வாடகைக்கு எடுக்கலாமாமே, பாத்து சொல்லுங்க"ன்னாங்க. நெட்வொர்க் ஆஸ் எ சர்வீஸ், சுருக்கமா நாஸ் (ஸ்டோரேஜ் பெட்டி நாஸ் வேற, இது வேற). ஸ்விட்ச் (கேபிளெல்லாம் வந்து சேருற பெட்டி), ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை குடுக்கிற பெட்டி), ஃபயர்வால் (வேண்டாத ட்ராஃபிக்க தடுக்கிற பெட்டி)னு எதையும் நாம வாங்க வேண்டாம், அவங்களே கொண்டுவந்து மாட்டி, ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் போட்டு, கெட்டுப்போனா மாத்திக் குடுத்து, ஆளுக்கு இவ்ளோ இல்ல போர்ட்டுக்கு (கேபிள் சொருகுற இடத்துக்கு) இவ்ளோன்னு மாசாமாசம் பில் போடுவாங்க.

எனக்கு இந்த ஏற்பாடு பிடிச்சிருக்கு. சப்போர்ட் முடிஞ்ச ஸ்விட்ச்ச பட்ஜெட் இல்லன்னு பயந்து பயந்து ஓட்டினவனுக்குத் தான் அந்த அருமை தெரியும். ஆனா எல்லாத்தையும் ஒரே அடியா மாத்தாதீங்க. புதுசா தொறக்குற கிளை, இல்லன்னா ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடியப்போற கிளை, அங்க வைஃபைல ஆரம்பிங்க, மத்த ஸ்விட்ச் எல்லாத்தையும் சேக்குற கோர் ஸ்விட்ச்ச கடைசில பாத்துக்கலாம். போன வருஷம் காசு குடுத்து வாங்கின பெட்டிய கழட்டிட்டு அதே இடத்துக்கு வாடகையும் கட்டுறது ரெட்டைச் செலவு.

அதுக்கும் முன்னாடி உங்ககிட்ட என்ன இருக்குன்னு எண்ணுங்க. நாங்க எண்ணினப்போ குடோன்ல ரெண்டு ஸ்விட்ச் எந்த லிஸ்ட்லயும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. போர்ட் கணக்குல தான் கொட்டேஷனே வரும்.

எஸ்எல்ஏ, அதாவது நெட்வொர்க் எத்தன சதவீத நேரம் ஓடும்னு அவங்க குடுக்கிற உறுதி, அதப் பேசுறப்போ சதவீதத்த நேரமா மாத்திப் பாருங்க. 99.9ன்னா 30 நாள் மாசத்துக்கு சுமார் 43 நிமிஷம் நின்னு போகலாம், 99.5ன்னா 3 மணி 36 நிமிஷம். சாயங்காலம் லோடு ஏத்தின லாரி இ-வே பில் எடுக்க முடியாம கேட்டுல அவ்ளோ நேரம் நின்னா என்ன ஆகும்? அபராதம்னு அவங்க குடுக்கிறது பெரும்பாலும் அடுத்த பில்லுல கொஞ்சம் கழிவு, அவ்ளோதான். ஐஎஸ்பி (இன்டர்நெட் குடுக்கிற கம்பெனி) லிங்க் டவுன் ஆனா அது யார் கணக்கு, டவுன் டைம யார் அளக்குறாங்க, ரெண்டையும் எழுத்துல வாங்கிருங்க.

அப்புறம் லாக், அதாவது எப்போ என்ன நடந்துச்சுன்னு பெட்டிங்க எழுதி வைக்கிற பதிவு. 2022 ஏப்ரல்ல வந்த செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி 180 நாள் லாக் வச்சிருக்கணும், சைபர் சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்ககிட்ட சொல்லணும். லாக் வெண்டரோட கிளவுட்ல இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நம்ம கம்பெனியும் தான், அதனால ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எடுத்துக் குடுப்பாங்கன்னு கேளுங்க.

வெளிய வர்ற வழியையும் கையெழுத்துக்கு முன்னாடியே பேசிருங்க. சந்தா நின்னா சில கிளவுட் பெட்டிங்க ட்ராஃபிக்கையே விடாது. ஐபி பிளான் (எந்த மெஷினுக்கு எந்த நம்பர்ங்கிற கணக்கு), விலான் (ஒரே நெட்வொர்க்க தனித்தனியா பிரிச்ச விவரம்), ஃபயர்வால் ரூல் எல்லாத்துக்கும் ஒரு காப்பி நம்ம கைல இருக்கணும், அதப் படிச்சா புரியுற ஒரு ஆளும் நம்ம சம்பளத்துல இருக்கணும். நாஸ் வந்தாச்சேன்னு அந்த ஆள அனுப்பிடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

அடுத்த மாசம் தொறக்குற கிளைல வைஃபைய மட்டும் ஆறு மாசத்துக்கு குடுத்துப் பாக்குறோம். அவங்க டேஷ்போர்டு ஒரு பக்கம் இருக்கட்டும், எங்க பக்கமும் ஒரு சின்ன மெஷின் வச்சு பிங் போட்டு (லைன் உயிரோட இருக்கான்னு அடிக்கடி கேட்டுப் பாத்து) குறிச்சுக்கப் போறோம்.