டிங்கிப் பட்டையில் கோடு ஏன் மங்குகிறது?

மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இறங்கிய ரப்பர் பால் உடனே கட்டிவிடாததற்குக் காரணம், ஒவ்வொரு ரப்பர் துகளையும் சுற்றியிருக்கும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய தோல். அதன் எதிர்மின்னேற்றம் துகள்களை விலக்கி வைக்கிறது. பார்மிக் ஆசிட் விட்டால் ஏற்றம் போய்விடும், பால் உறைந்துவிடும். பரப்பில் உட்கார்ந்த புரதத்தின் நிலைமைதான் எல்லாம் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல.

இரத்தத்தில் டிங்கி வைரஸின் என்எஸ்1 புரதம் இருக்கிறதா என்று கிளினிக்கில் பார்க்கும் பட்டையிலும் இதே கதைதான். கோடு விழும் நைட்ரோசெல்லுலோஸ் தாளில் எதிர்ப்பொருள், அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளைப் பிடிக்கும் Y வடிவப் புரதம், உலர்த்தி ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கைகள் வெளியே நீட்டியிருந்தால்தான் வைரஸ் புரதத்தைப் பிடிக்கும். தாள் இரத்தநீரை உறிஞ்சி ஓடவிடச் சவர்க்காரப் பொருள் சேர்ப்பார்கள். அது கூடினால் எதிர்ப்பொருள் தாளில் சரியாக ஒட்டாமல் கோடு பரவும்.

ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பொருள் பூசிச் சோதனை செய்யும் எலிசா குழித்தட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அந்தத் தட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் நீரை வெறுக்கும் பரப்பு. அதில் படும் புரதம் உள்ளே மடித்து வைத்திருந்த எண்ணெய்த்தன்மையான பகுதிகளை வெளியே தள்ளி ஒட்டிக்கொள்கிறது. பிடி இறுகும், வடிவம் கெடும். வழக்கமாக பிஎச் 9.6 கார்பனேட் கரைசலில் மில்லிக்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் எதிர்ப்பொருள் கலந்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டு, 4 பாகையில் இரவு முழுக்க வைப்பார்கள். விலை அதிகம் என்று அளவைக் குறைப்பது பெரும்பாலும் நஷ்டம். இடம் தாராளமாக இருந்தால் ஒவ்வொரு மூலக்கூறும் பாய் விரித்தாற்போல் படுத்துவிடும்; நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். ஆனால் மிகவும் நெருங்கினால் கைகளுக்கு இடமிருக்காது. பிறகு 1 முதல் 3 விழுக்காடு மாட்டு அல்புமின் என்ற இரத்தப் புரதத்தால் வெற்றிடங்களை மூட வேண்டும். ட்வீன் 20 என்ற சவர்க்காரப் பொருள் கழுவும் நீரில் 0.05 விழுக்காடு போதும். ஒட்டும் கரைசலில் சேர்த்தால் புரதத்தின் இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்.

பரப்பையே மாற்றுவது மேல். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய தட்டில், அது இறுகப் பிடிக்கும் பயோட்டின் என்ற சிறு மூலக்கூறைக் கட்டிய எதிர்ப்பொருளை விட்டால், பிளாஸ்டிக்கை நேராகத் தொடாமல் தள்ளி நிற்கும். புரோட்டீன் ஏ என்ற பாக்டீரியாப் புரதம் எதிர்ப்பொருளை வாலில் பிடித்து நிமிர்த்தும். ஆனால் நோயாளியின் இரத்தநீரில் உள்ள எதிர்ப்பொருளையும் விடாமல் பிடிக்கும், பொய்ச் சமிக்ஞை வரும். குளுட்டரால்டிஹைட் என்ற இணைப்பு வேதிப்பொருள், புரதத்தில் உள்ள லைசீன் என்ற அமினோ அமிலங்களில் பிணைக்கும். பிடிக்கும் இடத்திலேயே ஒரு லைசீன் இருந்தால் கை கட்டிப்போட்ட மாதிரிதான். நொதிகளில் கணக்கு வேறு. நீரை விரும்பும் பரப்பில் பல இடங்களில் பிணைத்தால் சூட்டில் குலையாமல் தாங்கும்.

பட்டைக்கு மீண்டும் வருவோம். கோட்டுக்கு நிறம் தரும், எதிர்ப்பொருள் கட்டிய தங்கத்துகள்களை உலர்த்தி வைத்திருக்கும் திண்டில் சுக்ரோஸ், ட்ரெகலோஸ் என்ற சர்க்கரைகளைச் சேர்ப்பது, தண்ணீர் போன பிறகும் புரதத்தின் மடிப்பைத் தாங்கத்தான். நம் ஊர் ஈரக்காற்றில் உறையைப் பிரித்துப் போட்டால் அந்தக் காவல் இளகிவிடும். சோதனைக்கு முன்புதான் பிரிக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் 30 பாகை வரை என்றுதான் போட்டிருக்கும். மத்தியான வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 பாகையைத் தாண்டும்; அந்தச் சூட்டில் புரதத்தின் மடிப்பு கெட்டால் கோடு மங்கும்.

கட்டுப்பாட்டுக் கோடு விழுந்தால் பட்டை நல்லது என்று நினைக்க வேண்டாம். அங்கே ஒட்டியிருப்பது வேறு எதிர்ப்பொருள். திரவம் ஓடியது, தங்கத்துகள் வந்து சேர்ந்தது என்பதை மட்டுமே அது சொல்லும்; சோதனைக் கோட்டில் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்பதை அல்ல.